மெல்பேணுக்குப் போன வெங்காய நட்சத்திரம்

இராசசிங்கம் திருநெல்வேலிச் சந்தையில் ஏலம் கூறியவர். கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் காலையில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினால், அவற்றை வியாபாரிகளுக்கு விலை கூறி விற்றுக் கொடுப்பது அவருடைய தொழில். கையில் ஒலிபெருக்கி பிடித்ததே கிடையாது. நெஞ்சை நிமிர்த்திக் "கத்தரிக்காய்" என்று அவர் தொடங்கினால், பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகளும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குரல்தான் வேதக்கோயிலில் பாட்டைத் தூக்கிப் பிடிக்கும். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்றார் டொக்டர். எடுத்தார்கள், உயிர் தங்கியது.

இப்போது அவருடைய கழுத்தின் அடியில், மூச்சு விடுவதற்கு ஒரு துவாரம் இருந்தது. மனைவி பியாட்றிஸ் பழைய வேட்டித் துணியில் சின்னச் சின்ன மறைப்புகள் தைத்து, நாடா வைத்து, ஒரு கட்டு அடுக்கி வைத்திருந்தாள். மூக்கால் மூச்சுப் போகாததால் மணமும் போய்விட்டது. கழுத்தில் வைத்து அழுத்திக் கதைக்கிற மெசின் ஒன்றையும் ஆசுபத்திரியில் பழக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று அதால் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். இலையான் ஒன்று போத்தலுக்குள் அகப்பட்டதுபோல இரைச்சல் கேட்டது. அன்றைக்கே அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். சந்தைப் பக்கம் போவதை நிறுத்தினார். கோயிலுக்குப் போனால் கடைசி வரிசை வாங்கில் இருந்து, ஆசீர்வாதம் முடிவதற்கு முதல் எழும்பி வந்துவிடுவார். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கோ என்று பியாட்றிஸ் கொப்பியும் பென்சிலும் வாங்கி வைத்தாள். அதையும் அவர் தொடவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் கதைத்த காலத்தில் பியாட்றிஸுக்கு இடையில் ஒரு சொல் வைக்க இடம் கிடைத்ததில்லை. இப்போது இரண்டு பேருக்குமாக அவள்தான் கதைக்க வேண்டியிருந்தது.

மார்கழி தொடங்கிய கையோடு மெல்பேணிலிருந்து கேதீஸ்வரன் தொலைபேசியில் அழைத்தான். அவன் கோப்பாய்த் தோட்டக்காரர் பொன்னம்பலத்தின் மகன். பொன்னம்பலமும் இராசசிங்கமும் சந்தையில் முப்பது வருசத்துச் சிநேகிதர்கள். பொன்னம்பலம் தன் வெங்காயத்தை வேறு ஆரும் ஏலம் கூற விடமாட்டார். விலை குறைந்து போனால் அங்கேயே நின்று இராசசிங்கத்தை ஏசுவார். ஏசி முடிய இரண்டு பேரும் ஒன்றாகப் போய்த் தேத்தண்ணி குடிப்பார்கள். தீபாவளிக்கு அங்கேயிருந்து பலகாரம் வரும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இங்கேயிருந்து கேக் போகும். மனைவி செத்த பிறகு பொன்னம்பலத்தை மகன் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போதே காது அரைவாசி மந்தம். அங்கே போய் மிச்சமும் அடைத்துவிட்டதாகக் கேள்வி.

"மாமி, அப்பா இராசு மாமாவைப் பாக்க வேணுமெண்டு நிக்கிறார். வீடியோவிலை எடுக்கட்டோ?" என்று கேட்டான் கேதீஸ்வரன்.

இராசசிங்கம் வேண்டாமென்று தலையை ஆட்டினார். பியாட்றிஸ் அதைக் கவனியாததுபோல, "ஓம் தம்பி, எடும்" என்றுவிட்டாள்.

திரையில் பொன்னம்பலத்தின் முகம் வந்தது. அங்கே கோடையென்றாலும் தடித்த கம்பளிச் சட்டை போட்டு, வெள்ளையாய் நிறம் மாறியிருந்தார். தோட்டத்து வெயிலில் ஏறிய கறுப்பு முழுக்க இறங்கிவிட்டது.

"என்ன இராசு, என்னைத் தெரியுதே?" என்று அவர் கத்தினார்.

இராசசிங்கம் தலையை ஆட்டினார். பிறகு பழக்கத்தில் வாயைத் திறந்து உதடுகளை அசைத்தார்.

"என்னடா தம்பி, சத்தம் வரேல்லை. உன்ரை போன் பிழை" என்றார் பொன்னம்பலம் மகனைப் பார்த்து.

"போன் பிழையில்லை அப்பா. மாமாவாலை கதைக்கேலாது. தொண்டையிலை ஒப்பரேசன். உங்களுக்குச் சொன்னனானெல்லே."

"ஆற்றை கொண்டை?"

"கொண்டையில்லை. தொண்டை" என்று கேதீஸ்வரன் அவருடைய காதுக்குள் கத்தி, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

பொன்னம்பலம் திரும்பினார். இராசசிங்கத்தின் கழுத்திலிருந்த வெள்ளைத் துணியை அப்போதுதான் கண்டார். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவரால் சொல்ல ஏலாது. மற்றவரால் கேட்க ஏலாது. பிறகு பொன்னம்பலம் சடாரென்று எழும்பித் திரையை விட்டுப் போய்விட்டார். வெறும் கதிரைதான் தெரிந்தது. "அப்பா பாத்ரூமுக்குப் போறார்போலை" என்று கேதீஸ்வரன் சமாளித்தான். இராசசிங்கம் போனை மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார். கிணற்றடியில் போய் நின்றவர் மழை தூறத் தொடங்கிய பிறகும் உள்ளே வரவில்லை.

அந்தக் கிழமை முழுக்க மழை. பியாட்றிஸ் கோயில் மாதர் சங்கத்தின் நத்தார் விற்பனைக்கு வாழ்த்துமட்டை செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை நிறையக் கலர்க் கடதாசியும் பசையும் பழைய கலியாணக் கடிதங்களும் கிடந்தன. கலியாணக் கடிதங்களின் தடித்த மட்டையைத்தான் அவள் வெட்டி எடுப்பாள். மினுங்குகிற பக்கத்தை உள்ளே மடித்துவிட்டால் நல்ல மட்டையாகிவிடும். வெட்டுகிறதற்கு ஆள் போதவில்லை என்று சொல்லி ஒரு கத்தரிக்கோலை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"சும்மா இருக்கிற நேரத்துக்கு நாலு நட்சத்திரம் வெட்டித் தாங்கோவன்."

அவர் வெட்டினார். மூட்டை பிடித்த கை. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரல் போகவில்லை. முதல் நட்சத்திரம் நண்டு மாதிரி வந்தது. இரண்டாவதைப் பார்த்துப் பியாட்றிஸ் சிரித்தாள். மூன்றாவதுக்குப் பிறகு அவருக்கே ரோசம் வந்துவிட்டது. மத்தியானம் வரை இருந்து வெட்டினார்.

குசினியில் பியாட்றிஸ் சாம்பாருக்கு வெங்காயம் உரித்து, தோலைச் சுளகில் ஒதுக்கி வைத்திருந்தாள். எங்களுடைய சின்ன வெங்காயத்தின் தோல், வெளிச்சம் பட்டால் ஊதாவும் சிவப்புமாகப் பட்டுத் துணிபோல மினுங்கும். தண்ணி குடிக்கப் போன இராசசிங்கம் அதைக் கண்டு நின்றார். ஒரு கை தோலை அள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தார். ஒரு மட்டையில் பென்சிலால் நட்சத்திரம் கீறி, அதற்குள் பசை தடவி, தோல்களை ஒவ்வொன்றாக மீன் செதில்போல அடுக்கி ஒட்டினார். ஒட்டி முடித்துப் பியாட்றிஸுக்கு முன்னால் வைத்துவிட்டு, பென்சிலை எடுத்துக் கொப்பியில் முதல் முதலாக ஒரு சொல் எழுதினார்.

"பொன்னம்பலத்தாருக்கு."

மட்டைக்குள் வைக்க ஒரு கடிதம் எழுத வேண்டும். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். கடிதம் எழுதுகிற வேலையெல்லாம் எப்போதும் பியாட்றிஸுடையதுதான். 'நாம் நலம், உங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, அதற்குமேல் போக வழி தெரியாமல் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, தேத்தண்ணிக் கடையில் பொன்னம்பலத்துக்கு முன்னால் இருக்கிறதாக நினைத்து எழுதினார்.

"அண்ணை, உங்கடை தோட்டத்தை இப்ப சோமசேகரம் செய்யிறான். போன போகம் புகையிலை போட்டவன். மழை கூடிப்போச்சு, கிணறு வாய் மட்டும் நிக்குது. கிழக்கு வேலிக் கிளுவை நாலஞ்சு பட்டுப்போச்சு, நடச் சொல்லி ஆரிட்டையும் சொல்லி விடுறன். உங்கடை பூவரசிலை கட்டின ஆட்டுக்குட்டியள் எல்லாம் இப்ப தாய் ஆடு. எனக்குச் சத்தம் போனது ஒரு வகையிலை நல்லது, பியாட்றிஸ் சொல்லுற எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்ட வேண்டியிருக்கு, சண்டை இல்லை. நீங்கள் போனிலை எழும்பிப் போனது எனக்கு விளங்கேல்லை. என்னைப் பாக்க அரியண்டமா இருந்ததோ, அருவருத்துப்போச்சோ தெரியாது. எண்டாலும் நத்தார் வருது. கேக் அனுப்பேலாது. உதைப் பிடியுங்கோ."

அப்படி இரண்டு பக்கம் வந்துவிட்டது. எழுத்து கோணல் மாணலாக இருந்தது. ஆனால் பேனையை வைத்தபோது, காலை ஏலம் முடிந்து கதிரையில் சாய்கிற களைப்பு உடம்பில் இருந்தது. வருசக்கணக்காகத் தெரிந்த களைப்பு. அவருக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த நாள் குடையைப் பிடித்துக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போனார். ஒப்பரேசனுக்குப் பிறகு தனிய ஓர் அலுவலுக்கு வெளிக்கிட்டது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்ற இரண்டு பேர் அவருக்குக் கேட்கத்தக்கதாகவே கதைத்தார்கள்.

"உவர் ஏலக்கார இராசசிங்கமெல்லே?"

"ஓம், பாவம். குரல் போயிட்டுதாம்."

அவர் முன்னுக்கே பார்த்துக்கொண்டு நின்றார். யன்னலுக்குப் பின்னால் உதயகலா என்ற பெண் வேலை செய்தாள். கடித உறையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை என்ன ஐயா வைச்சிருக்கிறியள்? மொத்தமா இருக்கு" என்று கேட்டாள்.

பின்னால் நின்ற மனிதர் உதவி செய்கிற நினைப்பில், "உள்ளுக்கை என்ன எண்டு கேக்கினம்" என்று அவருடைய காதுக்குள் கத்தினார். காதுக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது. இராசசிங்கம் பேனையை எடுத்து ஒரு துண்டில், 'நத்தார் மட்டை. வெங்காயத் தோல் ஒட்டினது' என்று எழுதிக் காட்டினார்.

உதயகலா அதை வாசித்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஐயா, அவுஸ்திரேலியாவுக்கு இலை, தோல், விதை போற சாமானெல்லாம் கரைச்சல். பிரிச்சுப் பாத்தால் எறிஞ்சு போடுவினம். காசைக் கட்டி அனுப்பிப்போட்டு, போய்ச் சேரேல்லை எண்டு பாத்துக்கொண்டிருப்பியள். வெறும் கடதாசியெண்டால் பிரச்சினையே இல்லை. வீட்டை போய் மாத்திக்கொண்டு வாங்கோ, நான் உடனை அனுப்பி விடுறன்."

அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்ததில் அவருக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. வீட்டுக்கு வந்து உறையை மேசையில் எறிந்துவிட்டுப் போய்க் கட்டிலில் சரிந்தார்.

பியாட்றிஸ் உறையைப் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தில், உதயகலாவுக்கு எழுதிக் காட்டிய துண்டும் கிடந்தது; அதன் அடியில் 'தோல் போகாதாம்' என்று அவர் எழுதியிருந்தார். விசயம் அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டிலடிக்குப் போய் நின்றாள்.

"தோல் போகாட்டில் நிறம் போகும்தானே" என்றாள். "எழும்புங்கோ. வீட்டிலை கிடக்கிற வெங்காயம் எல்லாத்தையும் உரிக்க வேணும். நான் தனிய உரிக்கமாட்டன், எனக்கு மணம் மூக்கிலை ஏறும். உங்களுக்குத்தான் மூக்கு இல்லையே."

அது கொஞ்சம் பொல்லாத கதைதான். ஆனால் அந்த மாதங்களில் எல்லாரும் அவரோடு கண்ணாடிப் பாத்திரத்தோடு கதைப்பதுபோலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பினார்.

தோலைப் பெரிய சட்டியில் போட்டுத் தண்ணி விட்டுக் கொதிக்க வைத்தார்கள். தண்ணி முதலில் ரோசாவாகி, பிறகு கறுத்துச் சிவந்தது. அதை வடித்து ஆறவிட்டு, வெள்ளைக் கடதாசிகளைத் தோய்த்துக் கொடியில் போட்டார்கள். மழைக் குளிரில் கடதாசி காயவில்லை. பியாட்றிஸ் பழைய சீலைத்துண்டை மேலே விரித்து அயன்பெட்டியால் ஒவ்வொன்றாக இழுத்தாள். காய்ந்து வந்த கடதாசியை இராசசிங்கம் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊதாவும் இல்லை, சிவப்பும் இல்லை. மழை பெய்து விட்ட பிறகு கோப்பாய்த் தோட்டத்து மண் எந்த நிறத்தில் இருக்குமோ அந்த நிறம். அதில் வெட்டின நட்சத்திரம் இந்தமுறை நண்டு மாதிரி இல்லை. ஐந்து முனையும் நேராக வந்தது.

மிச்சக் கடதாசியில் இன்னும் கொஞ்சம் வெட்டினார். மாதர் சங்க விற்பனையில் அந்த மட்டைகள் போன இடம் தெரியவில்லை. 'இதை எந்தக் கடையிலை வாங்கினது' என்று போதகரின் மனைவி கேட்டதாகப் பியாட்றிஸ் வந்து சொன்னாள். ஆனால் அவருடைய மனம் முழுக்க, புது நட்சத்திரத்தோடு கொண்டுபோக உதயகலா முத்திரை ஒட்டி வாங்கிக்கொண்ட அந்த ஒரு உறையோடுதான் போய்க்கொண்டிருந்தது.

நத்தார் வந்து போனது. கரோல் பாடுகிறவர்கள் வந்து பாடிக் கேக் சாப்பிட்டுப் போனார்கள். வருசம் பிறந்தது. பொங்கலுக்கு அயலெல்லாம் வெடி கேட்டது. மெல்பேணிலிருந்து ஒரு பதிலும் இல்லை. கேதீஸ்வரனுக்கு எடுத்துக் கேட்கட்டுமா என்று பியாட்றிஸ் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் அவர் கையால் தடுத்தார். தபால்காரரின் மணி கேட்டால் படலையடிக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. தண்ணிப் பைப் பில்லும் வங்கிக் கடிதமும் வந்தன. 'பாக்க அரியண்டமா இருந்ததோ' என்று எழுதியது பிழையோ என்று யோசிக்கத் தொடங்கினார். அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம்.

தை மாதக் கடைசியில்தான் அது வந்தது. வெள்ளை உறை, வெளிநாட்டு முத்திரை. கையில் எடுத்தபோது உள்ளே ஏதோ மணல் மாதிரிச் சரசரத்தது. மேசையில் வைத்துப் பிரித்தார். அரிசி கொட்டியது. காலைச் சாப்பாட்டுப் பெட்டியின் மட்டையை வெட்டி, சொக்லேட் சுற்றி வந்த தங்கக் கடதாசியில் பொங்கல் பானை செய்து, பானையின் வாயில் உண்மையான அரிசியைப் பொங்கி வழிகிற மாதிரி ஒட்டியிருந்தார் பொன்னம்பலம். வந்த வழியில் பாதி அரிசி கழன்றுவிட்டது. பக்கத்தில் பச்சைப் பென்சிலால் இரண்டு கரும்பு. மேலே ஒரு சூரியன். அதற்குக் கண்ணும் மூக்கும்கூட வைத்திருந்தார். அந்தச் சூரியன் கொஞ்சம் கேதீஸ்வரனைப் போல இருந்தது.

கடிதம் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது. அவர் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய் வாசித்தார்.

"இராசு, உம்மடை மட்டை நத்தார் முடிஞ்சு நாலு நாளாலை கிடைச்சது. கையிலை எடுத்த உடனை எங்கடை மண்தான் வந்திட்டுது எண்டு நினைச்சன். பிறகு மணந்து பாத்தன். வெங்காயம். இன்னும் மணக்குது. சாமி அறையிலை வைச்சிருக்கிறன். உது கிறிஸ்தவப் படமெல்லோ மாமா எண்டு மருமகள் கேட்டவ. நான் சொன்னன், உது என்ரை தோட்டத்து வெங்காயம், வைச்ச இடத்திலை இருக்கட்டும் எண்டு.

போனிலை எழும்பிப் போனதைப் பற்றி எழுதியிருந்தீர். அரியண்டமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. பெடியனுக்கு முன்னாலை அழுதால் அவன் பயந்து டொக்டரிட்டைக் கொண்டு ஓடுவான். அதுதான் எழும்பினனான்.

இஞ்சை எல்லாரும் எனக்குக் கத்திக் கத்திக் களைச்சுப் போச்சினம். இப்ப முக்கியமான விசயம் மட்டும்தான் கத்துவினம். சாப்பிட வாங்கோ, குளிசை போடுங்கோ. உம்மடை கடிதத்திலைதான் கனகாலத்துக்குப் பிறகு நான் ஒரு முழுக்கதை கேட்டனான். ஆடு தாய் ஆடானதெல்லாம் ஆர் எனக்குக் கத்துவினம்? மூண்டு தரம் வாசிச்சன். பதில் பிந்தினதுக்குக் காரணம் பானை. மூண்டு பானை பிழைச்சு நாலாவதுதான் சரிவந்தது.

சந்தையைப் பற்றி ஒரு சொல்லும் நீர் எழுதேல்லை. வெங்காயம் என்ன விலை? ஆர் இப்ப ஏலம் கூறுறது? ஜெசிதா இன்னும் கீரை விக்கிறாளோ? ஒண்டையும் விடாமல் எழுதும்."

வாசித்து முடிய இராசசிங்கத்தின் தோள்கள் குலுங்கின. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த பியாட்றிஸ் முதலில் பயந்துபோனாள். கிட்ட வந்து பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் இல்லை, கழுத்துத் துணிதான் படபடவென்று அடித்தது. கண்ணால் தண்ணி வழிந்தது. கடிதத்தை அவளிடம் நீட்டி, பானை பிழைத்த இடத்தை விரலால் காட்டினார். அவளும் வாசித்துச் சிரித்தாள். பிறகு உறையை எடுத்து, கொட்டிய அரிசியை அதற்குள் திரும்பப் போட்டாள்.

வெங்காயம் என்ன விலையென்று பியாட்றிஸுக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலும் கேட்கலாம். ஆனால் தான் கண்ணால் காணாத சரக்குக்கு அவர் ஒருநாளும் விலை சொன்னதில்லை. அதுவும் பொன்னம்பலத்துக்கு. அன்று பின்னேரம் முழுக்க விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தார். அடுத்த நாள் காலையில், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம் பியாட்றிஸுக்குக் கேட்டது. வெளியே வந்தாள்.

"சந்தைக்கோ?"

அவர் தலையை ஆட்டினார்.

"நல்ல துணியொண்டு கட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லி, நீலக்கரை வைத்துத் தைத்திருந்த ஒன்றைத் தானே கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நிருஷன் என்ற முப்பது வயதுக்காரன் இப்போது அந்த இடத்தில் நின்றான். கையில் சின்ன ஒலிபெருக்கி. பூசணிக்காய்க்கு விலை கூறிக்கொண்டிருந்தவன், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த மனிதரைக் கண்டு அரைவாசியில் நிறுத்திவிட்டான். வியாபாரிகள் எல்லாரும் திரும்பினார்கள். இராசசிங்கத்துக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அவர் கையை உயர்த்தி, நடத்து நடத்து என்று நிருஷனுக்குக் காட்டினார். அவன் திரும்பவும் பூசணிக்காயைப் பிடித்தான்.

கீரைக்காரி ஜெசிதா ஓலைக் கடகத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் முளைக்கீரை ஈரம்.

"எங்கை அண்ணை போனியள்? வருவார் வருவார் எண்டு பாத்தம். பிறகு ஆரிட்டையும் கேக்கவும் பயம். என்னெண்டு கேக்கிறது, இருக்கிறாரோ எண்டே கேக்கிறது?"

அவர் இருக்கிறேன் என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

அவர் கொப்பியை எடுத்து ஒவ்வொரு குவியலாகப் போய்ப் பார்த்தார். வெங்காயத்தைக் கையில் எடுத்து நசித்துப் பார்த்து எழுதினார். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து எழுதினார். ஏதோ கணக்கெடுக்க வந்திருக்கிறாரோ என்று புது வியாபாரிகள் சிலர் யோசித்தார்கள். ஏலம் முடிந்து நிருஷன் கிட்ட வந்தான்.

"என்ன ஐயா எழுதுறியள்?"

இராசசிங்கம் சட்டைப் பையிலிருந்த பொன்னம்பலத்தின் கடிதத்தை அவனிடம் கொடுத்தார். நிருஷன் மனதுக்குள் வாசித்துக்கொண்டு போனான். ஆடு தாய் ஆடான இடத்தில் வாய்விட்டுச் சிரித்தான்.

"எல்லாருக்கும் வாசிக்கட்டோ?" என்று கேட்டான்.

இராசசிங்கம் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அழுகை வந்த பந்தியை உள்ளங்கையால் மூடிக் காட்டிவிட்டு, மிச்சத்தை வாசிக்கச் சொன்னார்.

நிருஷன் ஒலிபெருக்கியைத் தூக்கினான். "கோப்பாய் பொன்னம்பலத்தார் அவுஸ்திரேலியாவிலையிருந்து கேக்கிறார், வெங்காயம் என்ன விலையாம்" என்று தொடங்கினான். சந்தை சிரித்தது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். 'ஜெசிதா இன்னும் கீரை விக்கிறாளோ' என்று வந்தபோது அவள் வெட்கப்பட்டுக் கடகத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். வாசித்து முடிந்ததும் ஆளாளுக்கு இராசசிங்கத்தைச் சுற்றிக்கொண்டார்கள்.

"என்ரை மகளுக்குக் கலியாணம் முடிஞ்சுதெண்டு எழுதுங்கோ."

"அவர் சண்டை பிடிச்ச அந்தத் தராசை மாத்திப்போட்டாங்கள் எண்டு எழுதுங்கோ, சந்தோசப்படுவார்."

"இப்ப ஏலம் கூறுறவனுக்குச் சத்தம் காணாது எண்டும் எழுதுங்கோ" என்றான் நிருஷன்.

எழுத எழுதக் கை வலித்தது. ஆனால் ஒருவரும் அவரைப் பார்த்துக் கத்தவில்லை. கதைத்து முடித்து, அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து, நத்தாருக்கு மிஞ்சிய கலர் மட்டைகளை எடுத்தார். கத்தரிக்காய், பூசணிக்காய், பாகற்காய், கீரைக்கட்டு என்று ஒவ்வொன்றாக வெட்டினார். அடுத்த நாள் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோய், ஆளுக்கொன்று கொடுத்துப் பெயரெழுத வைத்தார். ஜெசிதா எழுத்துக் கூட்டி, நாக்கை நீட்டிக்கொண்டு, கீரைக்கட்டில் தன் பெயரை எழுதினாள். நிருஷன் பூசணிக்காய் தனக்குத்தான் வேண்டுமென்று வாங்கிக்கொண்டான். அவற்றையெல்லாம் ஒரு பெரிய மட்டையில் ஒட்டி, மேலே 'சித்திரைப் புதுவருச வாழ்த்து' என்று பியாட்றிஸை எழுத வைத்தார். சித்திரைக்கு இன்னும் கன நாள் கிடந்தது. ஆனால் காகிதம் கடல் தாண்டிப் போக வேண்டும், அதோடு இந்தமுறை கடிதமும் நீளம்.

கடிதம் ஏழு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கொஞ்ச இடம் மிஞ்சியிருந்தது. அவர் உறையைத் தேடி அறைக்குள் போன நேரத்தில் பியாட்றிஸ் பேனையை எடுத்து, அந்த இடத்தில் தன்னுடைய குண்டெழுத்தில் ஏதோ எழுதிவிட்டாள். திரும்பி வந்தவர் தாளை எடுத்து வாசித்தார்.

"அண்ணை, இவர் சுகமாய் இருக்கிறார். இண்டைக்குச் சந்தையாலை வந்து இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவர். அடிக்கடி எழுதுங்கோ. பியாட்றிஸ்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேண்டுமென்றால் வெட்டிவிடலாம், பேனை கையில்தான் இருந்தது. தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசைப் போத்தல் வெறும் போத்தலாகிக் கிடந்ததால் குசினிக்குப் போய் நாலு பருக்கை சோறு எடுத்துக்கொண்டு வந்து, அதை நசித்து உறையை ஒட்டினார். ஒட்டின இடத்தை, காயும் வரை, இரண்டு பெருவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். பியாட்றிஸ் பக்கத்துக் கதிரையில் இருந்து, சந்தையில் ஆரார் என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தொடங்கினாள். அவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார்.